பாபின் வயிற்றுப் பிசிறு

பிசிறக்காவின் எதிரில் நூல் தொங்கும் சட்டையோடு யாரும் நிற்க முடியாது. நின்றால் தீர்ந்தது. பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும்; நடுவிலேயே அவள் இடது கை சட்டை ஓரத்தைக் கிள்ளி இழுக்கும், வலது கை கழுத்து நாடாவில் தொங்கும் குட்டிக் கத்தரியை எடுத்து, டிக், அடியோடு வெட்டிவிடும். "என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டால், "ஐயய்யோ, வெட்டிட்டேனா?" என்று அவளே திருதிருவென்று விழிப்பாள். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், செத்தவர்மேல் போர்த்தியிருந்த புதுத் துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே அதையும் வெட்டிவிட்டுத்தான் வந்தாள். அதைப் பார்த்த செத்தவரின் மகன், அந்தத் துக்கத்திலும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினானாம்.

தெருவே ரசித்த கைப்பழக்கம் அது. ஒருநாள் ஓர் உயிரின் வயிற்றில் போய்க் கத்தரியை வைக்கும் என்று யார் கண்டது?

கை அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஆயத்த ஆடை ஆலையில் முப்பத்தொரு வருஷம் அவளுக்கு ஒரே பிரிவு, ஒரே மேசை. செக்கிங். தைத்து முடித்த சட்டை முன்னால் வந்து விழும். புரட்ட வேண்டும், பார்க்க வேண்டும், தையல் முடிகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனையைக் கிள்ளி இழுத்து அடியோடு வெட்ட வேண்டும். அந்த முனைக்குத்தான் பிசிறு என்று பெயர். மடியைத் தட்டிவிட்டால் அடுத்த சட்டை. ஒரு நாளைக்கு அறுநூறு. ஒரே ஒரு பிசிறு தப்பிப் போனாலும் பெட்டி மொத்தமும் திரும்பி வரும். அன்றைக்கு மேற்பார்வையாளர் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அங்கே யாரும் "வெட்டு" என்று சொன்னதே இல்லை. "செக் பண்ணு" என்பார்கள், அவ்வளவுதான். புரட்டுவதிலிருந்து வெட்டுவது வரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் கை மூளையிடம் உத்தரவு கேட்காது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலையை விட்டு வந்தபின் இரண்டாம் மாடி வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டாள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது. ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் நீள மேசை, மேசைமேல் கழுத்து வளைகிற விளக்கு, கீழே வெட்டுத் துணிக் கூடை. இதுதான் அவள் ராஜ்யம்.

வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தெருவுக்கு அவர் டிரைவர். வீட்டுக்கு ஒரு "ம்". "ஓட்டுநருடன் பேசாதீர்கள்னு பஸ்ஸுல எழுதியிருப்பாங்கல்ல, அதை அப்படியே கழட்டிட்டு வந்து வீட்டுல மாட்டிட்டாரு மனுஷன்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எதைக் கேட்டாலும் "ம்" தான். ஆனால் அந்த "ம்"மில் எத்தனை வகை! சாப்பாடு பிடித்திருந்தால் இழுத்த "ம்ம்". பிடிக்காத யோசனைக்கு மூக்கால் ஒரு "ம்". மேலே சொல்லு என்பதற்கு ஒன்று, போதும் நிறுத்து என்பதற்கு ஒன்று. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அக்கா அதில் கரைகண்டவள். கண்ணில் புரை விழுந்து வண்டியை விட்டு இறங்கியபின் மனிதர் நாற்காலியே கதி என்று ஆனார். அந்த "ம்" கூடத் தேய்ந்துபோயிற்று.

அப்போதுதான் ஒரு சாம்பல் பூனை படியேறி வந்து வெட்டுத் துணிக் கூடைக்குள் சுருண்டது. உருண்டையாகச் சுருண்டதைப் பார்த்து, மெஷினுக்குள் நூல் சுற்றிப் போடுகிற உருளையின் பெயரை வைத்தாள் அக்கா: பாபின். மறுநாள் அவள் சமையற்கட்டில் இருந்தபோது முன்னறையில் பேச்சுக் குரல் கேட்டது. "என்ன பாபின், வழியில ட்ராஃபிக்கா? இவ்வளவு லேட்டு?" அக்கா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்காரர்! முழுசாக இரண்டு வாக்கியம்!

"முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட இவ்வளவு பேசியிருப்பீங்களா நீங்க?"

"ம்" என்றார்.

ஒரே வருஷத்தில் பாபின் இரண்டு தடவை குட்டி போட்டது. இரண்டாவது ஈற்றில் ஒன்றும் தங்கவில்லை. தாயும் எலும்பும் தோலுமாகப் போனது. இன்னொரு தடவை தாங்காது, கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண், வெடுக்வெடுக்கென்று பேசினாலும் கை பதமான கை. டிரைவருக்குத்தான் மனசு வரவில்லை. "வயித்தைக் கிழிக்கணுமா?" என்று நாலு நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிழிச்சா தைக்க மாட்டாங்களா? தையலைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் பொறுப்பு. ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளுங்க" என்று அக்கா மார்தட்டினாள். வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு "ம்" வந்தது. உன்னை நம்புகிறேன் என்கிற வகை. அது அபூர்வமானது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வயிற்றில் மயிரை மழித்த இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கோட்டின்மேல் தனித்தனியாக ஐந்து முடிச்சுகள், நீல நூலில். ஒவ்வொரு முடிச்சுக்கும் மீசை மாதிரி இரண்டு முனை. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு.

"கூம்பைக் கழட்டவே கூடாது. கழட்டினா நக்கும், கடிக்கும். தண்ணி படக்கூடாது, குதிக்க விடக்கூடாது. சிவந்திருக்கா, வீங்கியிருக்கா, ஏதாவது கசியுதான்னு பார்க்கணும்" என்று அடுக்கிய டாக்டர், டிரைவரின் கண்ணைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "சாருக்குப் பார்வை பத்தாது போல. அம்மா, நீங்கதான் தினம் ரெண்டு வேளை செக் பண்ணணும்."

"செக்கிங்தானே? அதுல முப்பத்தொரு வருஷ சர்வீஸ் எனக்கு" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து பாபினை மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொள்வார். அக்கா ஒரு கையால் பின்காலை விலக்கிக் குனிந்து பார்ப்பாள். "சிவப்பு இல்ல. வீக்கம் இல்ல. காஞ்சிருக்கு." அவர் முகம் விரியும். ஒரு திருட்டுத்தனம் மட்டும் உண்டு: கூம்போடு அது தின்னப் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டு வேளையும் தட்டு வைக்கும்போது அவர் கூம்பைக் கழற்றிவிடுவார். தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் மாட்டிவிடுவார். அக்கா பார்த்தும் பாராதவள்போல் இருந்தாள்.

நாலாம் நாள் காலையில் அவர் பால் வாங்க இறங்கியிருந்தார். வாடிக்கைக்காரி ஒருத்திக்கு ஒன்பது மணிக்குள் கால்சட்டை கொடுத்தாக வேண்டும். ஒரு வேலை முடியட்டும் என்று அக்கா பாபினைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலில் அல்ல, தன் மேசையில் போட்டாள். விளக்கின் கழுத்தை வளைத்தாள். "சரி பாபின், செக்கிங் முடிச்சிடலாமா?"

நினைவு முழுக்க அந்தக் கால்சட்டையில் இருந்தது. எந்த நிற நூல் போடலாம் என்று யோசித்துக்கொண்டே புரட்டினாள், பார்த்தாள். இடையில் பாபின் ஒருமுறை முனகியது. "இரு இரு, முடிஞ்சாச்சு" என்றாள். இன்னொருமுறை முனகியது. அதற்குள் கதவு தட்டும் சத்தம். பாபினைக் கூடையில் விட்டுவிட்டு, கதவைத் திறந்து பாலை வாங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றார் டிரைவர்.

"சுத்தமா இருக்கு" என்றாள். பொய்யே இல்லை. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

பத்து மணி இருக்கும். ஜன்னல் திட்டில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. கூம்போடே பாபின் ஒரே தாவு. "ஏய், குதிக்காதே!" என்று டிரைவர் எழுந்து ஓடி, தடவித் தடவி அதைத் தூக்கினார். தூக்கியவர் அசையவில்லை.

"ஏம்மா, கையில ஈரமா இருக்கு. என்னன்னு பாரு. எனக்குத் தெரியல, சீக்கிரம் வந்து பாரேன்!"

அக்கா பார்த்தாள். ஐந்து முடிச்சில் மூன்றைக் காணோம். அந்த இடத்தில் தோல் ஒரு விரல் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ பளபளத்தது. பாபின் வலியில் கத்தவும் இல்லை, அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அலறினாள்.

"பிரிஞ்சிடுச்சுங்க. தையல் பிரிஞ்சிடுச்சு!"

"நான்தான். நான்தான் கூம்பைக் கழட்டினேன்" என்றார் அவர். நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழ ஆரம்பித்தார். அவருடைய அப்பா செத்தபோதுகூட அழாத மனிதர்.

சுத்தமான துணியை எடுக்க அக்கா குனிந்தாள். அப்போதுதான் மடியைப் பார்த்தாள். நைட்டியின் மடிப்பில் நீல நூல் முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டில் எந்தத் துணியிலும் அந்த நீலம் இல்லை.

தலையில் இடி இறங்கினால் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. கழுத்தில் கத்தரி தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தாள்? எப்போது வெட்டினாள்? பாபின் இரண்டு தடவை முனகியது மட்டும் நினைவில் இருந்தது. இரு இரு, முடிஞ்சாச்சு! அடிப்பாவி, எதை முடித்தாய்? மூன்று முடிச்சையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

வாடகை வண்டியில் போகும்போது அவர் மடியில் பாபின் இருந்த பெட்டி. "தப்புப் பண்ணிட்டேன் பாபின். ரெண்டு வாய் நிம்மதியா தின்னட்டும்னுதான் கழட்டினேன். கடிச்சுட்டியே" என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். மூடிய கை மூடியபடி இருந்தது. இப்போது சொல்லிவிடலாம், அந்தத் திருப்பத்தில் சொல்லிவிடலாம் என்று எல்லாத் திருப்பமும் போயிற்று.

டாக்டர் பார்த்த மாத்திரத்தில் முகம் சிவந்தார். "கடிச்சிருக்கு. கூம்பைக் கழட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் டிரைவர்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! உள் தையலும் போயிருந்தா என்ன ஆகும் தெரியுமா? குடல் வெளியே வந்திடும். பாசம் காட்டறேன்னு கொல்லப் பார்த்தீங்களே!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வீடு கொண்டு சேர்த்த மனிதர், ஒரு பூனையைக் கொல்லப் பார்த்தவர் என்று பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேசைமேல் கையை விரித்தாள்.

"டாக்டர், கடிச்ச நூல் இப்படி இருக்காது. கடிச்சா நுனி நசுங்கியிருக்கும். இது கத்தரி வெட்டு. நான் வெட்டினது."

டாக்டர் அந்த முடிச்சுகளைப் பார்த்தார், அவள் கழுத்தைப் பார்த்தார், மறுபடி முடிச்சுகளைப் பார்த்தார்.

"நீங்களா? எதுக்கும்மா?"

"நீங்க செக் பண்ணச் சொன்னீங்க." அக்கா கழுத்துக் கத்தரியைத் தொட்டுக் காட்டினாள். "ஆலையில செக் பண்றதுன்னா பிசிறு வெட்டறது. பிசிறு தெரிஞ்சுது. கை வெட்டிடுச்சு. சத்தியமா எனக்குத் தெரியாது டாக்டர்."

"எத்தனையோ பூனை கடிச்சுப் பார்த்திருக்கேன், நாய் பிச்சுப் பார்த்திருக்கேன். மனுஷங்க ட்ரிம் பண்ணி இப்பதான் பார்க்கறேன்" என்றார் டாக்டர். கோபம் எங்கே போயிற்று என்று தெரியாத முகம். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டார். "மூணு அடுக்காத் தைச்சிருக்கேன். நீங்க வெட்டினது மேல்தோல். உள் அடுக்கு தாங்கியிருந்தா பிழைச்சுது. மயக்கம் கொடுத்துத் திறந்து பார்த்தாதான் தெரியும். வெளியே உட்காருங்க."

உள் அடுக்கு என்றால் என்னவென்று அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல்துணி போனாலும் உள்துணி தாங்குமா என்பதுதான் கேள்வி. நாற்பது நிமிஷம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலிப் பெட்டி. அவர் பேசினார்.

"வண்டியில நான் அழுதுட்டு வந்தேன்."

"ஆமாங்க."

"நீ பக்கத்துலதான் இருந்தே."

அவ்வளவுதான். கத்தியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. வெட்டியது கை. வாயை மூடிக்கொண்டு வந்தது அவள். அவர் கேட்டது இரண்டாவதை.

உள் அடுக்கு தாங்கியிருந்தது. டாக்டர் வெளியே வந்து, புதிதாக ஐந்து முடிச்சு போட்டாயிற்று, பன்னிரண்டு நாள் கழித்து நானே எடுப்பேன், அதுவரை தினமும் யாராவது நல்ல கண்ணுள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் தடவை "செக்" என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கழுத்து நாடாவைக் கழற்றி இழுப்பறையில் போட்டு மூடினாள். வெறும் கழுத்தோடு அவளைப் பார்த்துத் தெரு திகைத்தது. நூல் தொங்கும் சட்டையோடு ஒருவர் வந்து வேண்டுமென்றே முன்னால் நின்றார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வீட்டில் "ம்" நின்றுபோயிற்று. சாப்பாடு எப்படி என்றால் பதில் இல்லை. மாத்திரை போட்டீங்களா என்றால் பதில் இல்லை. பூனையோடு மட்டும் பேச்சு, அதுவும் அவள் உள்ளே வந்தால் பாதியில் நின்றுவிடும். பேசாத மனிதர் என்று இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தாளே, பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

தினமும் காலையில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவி இரண்டு மாடி இறங்கிப் போனார். எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் மருத்துவமனை உதவியாளப் பெண் மருந்து விஷயமாக ஃபோன் செய்தவள், ஒன்றும் அறியாமல் சொன்னாள்: "சார் தினம் இங்க வந்து காயத்தைக் காட்டிட்டுப் போறாரும்மா. பாவம், கண்ணு தெரியாம எதுக்கு அலையறீங்க, வீட்டுல பார்க்க ஆள் இல்லையான்னு கேட்டேன். இல்லன்னுட்டார்."

அக்கா ஃபோனை வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்குத் தைத்த மூன்று கால்சட்டையும் கோணல். பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவரோடு அவளும் போனாள். வா என்று அவர் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே போனார். அவள் வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் எண்ணுவது கேட்டது. ஒன்று எடுத்தாயிற்று. இரண்டு. மூன்று. நாலு.

"அஞ்சாவது எங்க போச்சு? மயிர் முளைச்சு மூடிக்கிச்சு போல. உள்ளே விட்டுட்டா சீழ் வைக்கும். அந்த லைட்டைக் கொஞ்சம் சாய்ங்க..." டாக்டர் தேடினார். உதவியாளப் பெண் தேடினாள். பாபின் பொறுமை இழந்து உறுமத் தொடங்கியது. "விழுந்திருக்குமோ? தெரியலயே."

"வெளியே இருக்கா" என்றார் டிரைவர். "கூப்பிடுங்க. அவ கண்ணுக்குத் தப்பாது."

அக்காவுக்கு முதலில் தன்னைத்தான் சொல்கிறார் என்றே உறைக்கவில்லை. உதவியாளப் பெண் வந்து தோளைத் தொட்டபோதுதான் எழுந்தாள். உள்ளே போனாள். கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. குனிந்தாள். மேசை, விளக்கு, மல்லாந்த பாபின். கண்ணுக்கு இரண்டு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"அதோ. கோட்டுக்கு இடது பக்கம் சாய்ஞ்சு படுத்திருக்கு. அந்தச் சுழிக்குக் கீழே."

"எங்கே? எனக்கு இன்னும் தெரியல. நீங்களே எடுத்துடுங்கம்மா, நான் பக்கத்துலயே இருக்கேன்." டாக்டர் தன் கத்தரியை நீட்டினார். சிரிக்கவில்லை. "இதுக்குப் பேர்தான் செக்கிங்."

அக்கா கையை எடுக்கவில்லை. பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். அவர் புரை விழுந்த கண்ணால் அவள் நின்ற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாபினின் பின்காலை மெதுவாக அகற்றி, அவளுக்கு வாகாகப் பிடித்தார்.

"ம்" என்றார்.

அந்த அபூர்வமான வகை அவளுக்குத் தெரியும். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் முடிச்சு தெரியாது என்று அதை அடக்கிக்கொண்டு, கத்தரியை வாங்கினாள். கிள்ளினாள், இழுத்தாள், வெட்டினாள். பாபின் முனகவில்லை.

நீல நூலை மடியில் தட்டிவிடாமல் டாக்டரின் தட்டில் வைத்தாள்.